முதல் மூன்று மாதச் சோற்றுக்கு யார் பொறுப்பு?

பாஸ்புக்கை மேசைமீது விரித்துவைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். மாதாமாதம் ஐந்தாம் தேதியோ ஆறாம் தேதியோ ஒரு வரவு. பிறகு ஒரு மாதம் அது பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அடுத்த மாதம் பாதித் தொகை. அதற்கடுத்த மாதம் வரவே இல்லை. அங்கிருந்து கீழே பற்று மட்டும்தான்: வீட்டுக் கடன் தவணை, அது திரும்பியதற்கு அபராதம், மறுபடி தவணை, மறுபடி அபராதம். “இங்கதான் சார் நின்னுச்சு” என்று இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை அழுத்தி வைத்தார்.

சென்னையை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில், வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். லேத்தில் தொடங்கி ஷிஃப்ட் சூப்பர்வைசர் வரை வந்தவர். கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. நாளிதழில் வந்த பொது அறிவிப்பை யாரோ படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். சம்பளப் பாக்கி இருப்பவர்கள் ‘படிவம் டி’யை நிரப்பி, திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணருக்கு அனுப்ப வேண்டுமாம். அதை நிரப்பத்தான் மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். பையில் பணி நியமன ஆணை இருந்தது, பி.எஃப். எண் இருந்தது, பழைய சம்பளச் சீட்டுகள் நூல் போட்டுக் கட்டி இருந்தன. கடைசி இரண்டு வருடச் சீட்டுகள் இல்லை. அவை செல்போன் செயலியில் வந்துகொண்டிருந்தவை. கம்பெனி மூடிய வாரத்திலேயே செயலியும் நின்றுவிட்டது. தனக்கு இவ்வளவு பாக்கி என்று காட்ட அவர் கையில் மிஞ்சியிருந்தது, பாஸ்புக்கில் வரவு வராமல் போன அந்த இடம்தான்.

எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு கேட்டார்: “இதுக்கு வட்டி போடுவாங்களா சார்?”

போடமாட்டார்கள். திவால் நடவடிக்கை தொடங்கிய தேதியில் என்ன பாக்கியோ அதுதான் கணக்கு. அதன் பிறகு எத்தனை வருடம் இழுத்தாலும் அந்தத் தொகை வளராது. ஆனால் அதே மஞ்சள் பையின் அடியில் நகைக்கடன் சீட்டு மூன்று இருந்தன. அவற்றின் வட்டி அன்றாடம் ஏறிக்கொண்டிருந்தது. வர வேண்டியது வளராமலும் கொடுக்க வேண்டியது வளர்ந்துகொண்டும் இருக்கிற வீடு எத்தனை மாதம் தாங்கும்? திவால் சட்டத்தைப் பற்றிய பேச்சை நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கம்பெனி மதிப்பு, கடன் மீட்பு, முதலீட்டாளர் நம்பிக்கை என்று வேறெங்கிருந்தோ தொடங்கியதால்தான் இந்த மனிதர் அந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை.

தொழிலாளியைக் கடன் கொடுத்தவராக யாரும் நினைப்பதில்லை. ஆனால், மாதம் முழுக்க உழைத்துவிட்டுக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவர் அந்த முப்பது நாளும் முதலாளிக்குக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பணிக்கொடை இன்னும் நீண்ட கடன். வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்று சேர்ந்துகொண்டே போய், வேலையை விடும்போது கைக்கு வருவது. வங்கி கடன் கொடுத்தால் நிலத்தையும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் அடமானமாக எழுதி வாங்குகிறது. ஆயிரம் பேருக்குக் கொடுப்பதால் பத்துப் பேர் மூழ்கினாலும் மிச்சப் பேர் காப்பாற்றுகிறார்கள். தொழிலாளியோ எந்த அடமானமும் கேட்காமல், தன்னிடம் உள்ள ஒரே முதலான உழைப்பை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறார். அந்த இடம் மூழ்கும் நாளில் அவருடைய வேலை, வருமானம், சேமிப்பு மூன்றும் சேர்ந்து மூழ்குகின்றன.

2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டம் இந்தக் கடனை ஒப்புக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால், மதிக்கும் விதம்தான் வேறு. கம்பெனியின் கதியை முடிவுசெய்வது கடன் கொடுத்தோர் குழு. அதில் வாக்கு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். தொழிலாளர்கள், சரக்கு கொடுத்துப் பணம் வராத வியாபாரிகளோடு இன்னொரு வகையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வகையினரின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதத்தை எட்டினால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். வாக்களிக்க முடியாது. கம்பெனியை யாரும் எடுக்க முன்வராமல் கலைப்புக்குப் போனால், விற்றுவந்த பணத்தை யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று 53-ஆவது பிரிவு வரிசை போடுகிறது. இந்தச் சட்டம் வந்ததிலிருந்து மறுவாழ்வு பெற்ற கம்பெனிகளைவிடக் கலைப்புக்குப் போனவையே அதிகம் என்பதால், இந்த வரிசைதான் பெரும்பாலான தொழிலாளர்களின் தலையெழுத்து.

வரிசையின் தலையில் நடவடிக்கைச் செலவு: தீர்வு நிபுணரின் ஊதியம், வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், பூட்டிய ஆலைக்குக் காவல். அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும், அடமானத்தைப் பொதுவில் விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சமமாக. அதற்கும் கீழே, ‘தொழிலாளி’ என்ற இலக்கணத்துக்குள் வராத ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. பிறகு அடமானமில்லாத நிதிக் கடன், அரசு பாக்கி என்று போகிறது.

இரண்டாம் படியில் வங்கியோடு சமமாக உட்காரவைத்திருக்கிறார்களே, அது பெருமைதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடவடிக்கைச் செலவு போக 20 கோடி ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் பாக்கி 5 கோடி, வங்கிகளின் கடன் 95 கோடி. இரண்டும் சமம் என்றால் ரூபாய்க்கு இருபது பைசா. தொழிலாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கோடி. வங்கிக்கு 19 கோடி. அதோடு பணம் தீர்ந்தது. கீழ்ப்படியில் இருக்கும் ஊழியருக்கு ஒரு பைசா கிடையாது. ஐந்து கோடியை முதலில் கொடுத்துவிட்டு மிச்சப் பதினைந்தை வங்கிகள் எடுத்துக்கொண்டிருந்தால், வங்கிகளின் இழப்பு நான்கு கோடிதான் கூடியிருக்கும். அந்த நான்கு கோடி ஒரு வங்கியின் வருடாந்தரக் கணக்கில் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

நம்மவர் எந்தப் படி? லேத்தில் நின்றுகொண்டிருந்தவரை இரண்டாம் படியில் சேர்த்திருப்பார்கள். ஆனால், அவர் சூப்பர்வைசர். மேற்பார்வைப் பணியில் இருப்பவர் குறிப்பிட்ட சம்பள வரம்பைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளி’ இல்லை. நெடுங்காலம் அந்த வரம்பு மாதம் 10,000 ரூபாய். புதிய தொழில் உறவுத் தொகுப்பில் 18,000. பதினெட்டு வருடம் எண்ணெய்க் கையோடு நின்றவர், கடைசி நான்கு வருடம் ஒரு குறிப்பேட்டைக் கையில் பிடித்ததால் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். பதவி உயர்வு கிடைத்த நாளில் தெருவுக்கே இனிப்பு கொடுத்ததாகச் சொன்னார்.

பி.எஃப்., ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி மூன்றும் கம்பெனியின் சொத்தல்ல, கலைப்பாளர் அவற்றில் கைவைக்கக் கூடாது என்று இதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால், பணிக்கொடைக்கென்று நிதியே ஒதுக்காத கம்பெனியில் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கிறது. பணிக்கொடைக்கு முதலாளி கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற பிரிவு 1987-லேயே பணிக்கொடைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆந்திரமும் கர்நாடகமும் அதற்கு விதிகள் வகுக்கவே பல பத்தாண்டுகள் ஆயின.

ஜெட் ஏர்வேஸ் கதையை இந்த இடத்தில் விரிவாகப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனி, நாடு முழுக்கக் கவனித்த வழக்கு, தெரிந்த வழக்கறிஞர்கள், படித்த ஊழியர்கள், அமைப்பாகத் திரண்ட சங்கங்கள். அவர்களுக்கே என்ன நடந்தது என்று பார்த்தால், பெயர் தெரியாத உதிரிபாகக் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது புரியும்.

2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போன விமானம்தான் ஜெட் ஏர்வேஸின் கடைசிப் பயணம். விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் அதற்கு முன்பே சம்பளம் நின்றிருந்தது. ஜூன் 20 அன்று மும்பையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது. சட்டப்படி எல்லாம் அதிகபட்சம் 330 நாளில் முடிந்திருக்க வேண்டும். கம்பெனியை எடுத்து நடத்த முன்வந்த ஜாலான்-கால்ராக் கூட்டமைப்பின் மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது 2021 ஜூன் 22-இல். அதாவது, இரண்டு வருடம் கழித்து. அந்தத் திட்டத்தில் ஊழியர் ஒருவருக்கு என்ன ஒதுக்கப்பட்டிருந்தது? ரொக்கமாக 11,000 ரூபாய். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 5,100. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 5,100. நோட்டுப் புத்தகத்துக்கு 1,100. செல்போன் ரீசார்ஜுக்கு 500. கூட்டினால் 22,800 ரூபாய். இதோடு கம்பெனியில் மிச்சமிருந்த ஐபேட், மடிக்கணினி, செல்போன் போன்றவற்றில் ஏதாவது ஒன்று, குலுக்கல் முறையில்.

லட்சக்கணக்கில் பாக்கி இருந்த விமானப் பொறியாளருக்கும் பல வருடம் பெட்டி தூக்கியவருக்கும் இதுதான். 2019-இல் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியவருக்கு 2021-இல் 5,100 ரூபாய் வந்து என்ன ஆகப்போகிறது? என் வருத்தம் தொகை சிறியது என்பதில் மட்டும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு மருந்து வேண்டும், பள்ளிக் கட்டணம் வேண்டும், போனுக்குப் பணம் போட வேண்டும் என்று அந்தத் திட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டியல் சரியான பட்டியல். அது கம்பெனி நின்ற முதல் மாதத்தில் கைக்கு வந்திருக்க வேண்டிய பட்டியல்.

ஊழியர் சங்கங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. பி.எஃப்., பணிக்கொடைப் பாக்கியை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபர் 21-இல் தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்த மனுவை 2023 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. தொழிலாளர்கள் வென்றார்கள். ஆனால், கொடுப்பதற்குக் கம்பெனி பறக்க வேண்டுமே? மீட்புத் திட்டம் நிறைவேறவே இல்லை. 2024 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உத்தரவிட்டது. கடைசி விமானம் தரையிறங்கிய நாளிலிருந்து எண்ணினால் 2,031 நாள். ஊழியர்கள் மறுபடி 53-ஆவது பிரிவின் வரிசைக்கு வந்து நின்றார்கள்.

கம்பெனியை மூடும் வழக்கில் தொழிலாளிக்கு இடம் உண்டு என்பதை நாட்டுக்கு முதலில் உறுதிசெய்து கொடுத்தது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு. தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் எதிர் பி.ஆர்.ராமகிருஷ்ணன் வழக்கில், கம்பெனிக் கலைப்பு மனுமீதான விசாரணையில் தொழிலாளர்களின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. கம்பெனி என்பது பங்குதாரரின் உடைமை மட்டுமல்ல, உழைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளோட்டம். 1985-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் பாக்கி அடமானக் கடனுக்குச் சமமாக வைக்கப்பட்டது. அப்போது 24 மாதம் என்ற வெட்டு இல்லை. 2016 சட்டம் அந்த வெட்டைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மோசர் பேயர் என்ற கம்பெனியின் தொழிலாளர்கள் போட்ட வழக்கு 2023 மே 2-இல் தள்ளுபடியானது. நாற்பது வருடத்தில் நாம் முன்னே நடந்து, பின் கொஞ்சம் திரும்பியும் நடந்திருக்கிறோம்.

ஆனால், எந்தப் படியில் நிறுத்துவது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினையைத்தான் பேசுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளையே தொழிலாளியை முதல் படிக்கு ஏற்றிவைத்தாலும், நிலமும் இயந்திரமும் விற்றுப் பணம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். வீட்டுக்காரர் வாடகைக்கு அதுவரை காத்திருக்கமாட்டார். மளிகைக் கடைக்காரர் இரண்டாம் மாதமே நோட்டை மூடிவிடுவார். பணம் இப்போது வேண்டும். வரிசை பிறகு நகரட்டும்.

உலகத்தின் பல நாடுகள் இதைப் புரிந்துகொண்டு ஐம்பது வருடம் ஆகிறது. ஜெர்மனியில் 1974-இலிருந்தே கம்பெனி நொடித்துப்போனால் கடைசி மூன்று மாதச் சம்பளப் பாக்கியை அரசு வேலைவாய்ப்பு முகமை கொடுத்துவிடுகிறது. அதற்கான பணம் அரசு கஜானாவிலிருந்து வருவதில்லை. எல்லா முதலாளிகளும் சம்பளத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கட்டுகிறார்கள். 2025-இல் அது 0.15 சதவீதம். தொழிலாளிக்குப் பணம் கொடுத்த முகமை, பிறகு தொழிலாளியின் இடத்தில் தான் போய் வரிசையில் நின்று கம்பெனியிடமிருந்து வசூலிக்கிறது. வந்தால் நிதிக்கு வரவு, வராவிட்டால் நிதி தாங்கிக்கொள்ளும். பிரிட்டனில் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து எட்டு வாரம் வரை சம்பளப் பாக்கி, விடுப்புச் சம்பளம், பணிநீக்க ஈடு எல்லாம் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கின்றன. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் ஒரே இரவில் விழுந்தபோது, பிரிட்டனில் வேலை இழந்த சுமார் 9,000 பேர் போய் நின்றது அந்த நிதியிடம்தான்.

இத்தாலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஐரோப்பிய நாடுகள் எல்லாம் இப்படி ஓர் உத்தரவாத நிறுவனத்தை வைக்க வேண்டும் என்று 1980-இல் பொது உத்தரவு வந்தது. இத்தாலி வைக்கவில்லை. 1985 ஏப்ரலில் அங்கே ஓர் ஆயத்த ஆடை நிறுவனம் திவாலானது. ஐந்து வருடம் ஆகியும் அதன் தொழிலாளர்கள் 34 பேருக்கு ஒரு லிராகூட வரவில்லை. இனி வருவது துர்லபம் என்று கலைப்பாளரே சொல்லிவிட்டார். அவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு அரசாங்கத்தின்மீது வழக்குப் போட்டார்கள். ‘நீ வைக்க வேண்டிய நிதியை நீ வைக்காததால்தானே எங்களுக்குக் கிடைக்கவில்லை?’ என்பது அவர்கள் வாதம். 1991 நவம்பர் 19-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. ஃபிரான்கோவிச் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிற தீர்ப்பு அது. தொழிலாளியின் கடைசிச் சம்பளத்துக்கு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் அங்கே அப்படி வேரூன்றியது. மறுவருடம், 1992-இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 173-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நொடிக்கும் கம்பெனியின் தொழிலாளர்களுக்கு முன்னுரிமையோ உத்தரவாத நிதியோ கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

நிதி இல்லாத இடத்தில்கூட மனம் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்பதற்குக் கனடாவின் நார்டெல் வழக்கு ஒரு சான்று. தொலைத்தொடர்பு உலகில் ஒரு காலத்தில் கோலோச்சிய அந்த நிறுவனம் 2009 ஜனவரி 14-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஆயிரக்கணக்கானவர்களை இழப்பீடு இல்லாமல் வெளியே அனுப்பியது. அதே வருடம் மேலதிகாரிகளையும் முக்கிய ஊழியர்களையும் தக்கவைக்க 4.5 கோடி டாலர் வரை ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் கிடைத்தது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் கொதித்ததில் என்ன தவறு? அவர்களுடைய போராட்டத்துக்குப் பிறகு, கடும் நெருக்கடியில் இருப்பவர்கள் விண்ணப்பித்து உடனடி உதவி பெற நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. 2010-இல் எட்டப்பட்ட உடன்பாட்டில், நீக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 3,000 டாலர் வரை, வர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளும் முன்பணமாகக் கொடுக்க ஏற்பாடானது. சிறிய தொகைதான். ஆனால், நார்டெலின் காப்புரிமைகளை விற்று 450 கோடி டாலர் வந்ததும், அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வழக்கு நீண்டு, மொத்த நடவடிக்கையில் சுமார் 200 கோடி டாலர் கட்டணமாகக் கரைந்ததும், 2017-இல்தான் பங்கீடு தொடங்கியதும் தெரிந்தவர்களுக்கு, அந்த 3,000 டாலர் சரியான நேரத்தில் வந்த பணம் என்பது விளங்கும்.

நம் நாட்டில் இதற்கான துண்டுகள் இல்லாமல் இல்லை. சேர்த்துத் தைக்கத்தான் ஆளில்லை. இ.எஸ்.ஐ.யில் இரண்டு வேலையின்மைத் திட்டங்கள் இருக்கின்றன. 2005-இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பால் வேலை இழந்தவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பாதியும் அடுத்த பன்னிரண்டு மாதம் கால்பங்கும் தருகிறது. 2018-இல் வந்த அடல் பெயரிலான திட்டம் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் தருகிறது. இவை மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்குத்தான். வரம்பைத் தாண்டிய எங்கள் சூப்பர்வைசருக்கு இதுவும் இல்லை. கம்பெனி எடுத்திருந்த குழு மருத்துவக் காப்பீடும் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகிவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வருகிறது. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளியின் பதினைந்து நாள் சம்பளத்தை முதலாளி அதில் கட்ட வேண்டும், அது நாற்பத்தைந்து நாளில் தொழிலாளிக்குப் போக வேண்டும். சம்பளமே கொடுக்க முடியாமல் விழுந்த முதலாளி அதை எங்கிருந்து கட்டுவார்? விழுந்தவரிடம் கேட்பதல்ல, நின்றுகொண்டிருக்கும்போதே எல்லோரிடமும் வாங்கி வைப்பதுதான் காப்பீடு.

அப்படி வாங்குவது நமக்குப் புதிதும் அல்ல. பி.எஃப். செலுத்தும் ஒவ்வொரு முதலாளியும் 1976-ஆம் ஆண்டின் வைப்புடன் இணைந்த காப்பீட்டுத் திட்டத்துக்குச் சம்பளத்தில் 0.5 சதவீதம் கட்டுகிறார். 15,000 ரூபாய் உச்சவரம்பில் ஆளுக்கு மாதம் 75 ரூபாய். தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தொழிலாளி இறந்தால் குடும்பத்தைக் காக்க ஒரு நிதி இருக்கும்போது, கம்பெனி இறந்தால் காக்க ஒரு நிதி ஏன் கூடாது? அதில் பாதி, கால் சதவீதம், ஆளுக்கு மாதம் 37 ரூபாய் 50 காசு. இதைக்கொண்டு மூன்று மாதச் சம்பளத்தை, ஒரு நியாயமான உச்சவரம்புக்குள், திவால் மனு ஏற்கப்பட்ட முப்பது நாளில் கொடுக்கத் தொடங்கலாம். பிறகு நிதியே தொழிலாளியின் இடத்தில் போய் வரிசையில் நிற்கட்டும். அதனிடம் வழக்கறிஞர்கள் இருப்பார்கள், பொறுமையும் இருக்கும்.

வங்கிப் பணம் பொதுமக்களின் பணம், அதில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கவலைப்பட வேண்டிய கேள்விதான். இந்த நிதி வங்கியின் பங்கில் கைவைக்கவே இல்லை. நேர்மையற்ற முதலாளிகள் ‘நிதி பார்த்துக்கொள்ளும்’ என்று சம்பளத்தை நிறுத்திவிட்டால்? அதற்குத்தான் நிதி பிறகு அவரிடமே வசூலுக்குப் போகிறது. தனித் தொழிலாளியை ஏய்ப்பது எளிது, ஓர் அரசு நிதியை ஏய்ப்பது கடினம்.

நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்று உண்டு. பாக்கியை நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்குங்கள். தீர்வு நிபுணர் உள்ளே நுழைந்த அன்றே கம்பெனியின் சம்பளப் பதிவுகள் அவர் கைக்கு வந்துவிடுகின்றன. பி.எஃப். அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் எந்தச் சம்பளத்துக்கு, எந்த மாதம்வரை பணம் கட்டப்பட்டது என்ற கணக்கு மாதவாரியாக இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது, ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கு இவ்வளவு பாக்கி, சரிதானா?’ என்று ஒரு தாளை அனுப்ப வேண்டியது அவர்தான். அதைவிட்டு, செயலி நின்றுபோனவரிடம் சம்பளச் சீட்டு கேட்பது நியாயமே இல்லை. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வராமல் போனவர்கள், வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டவர்கள், ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்ததால் பட்டியலிலேயே இல்லாதவர்கள் எத்தனை பேர் உரிமை கோராமலே போயிருப்பார்கள்!

மாநில அரசால் முடிந்ததும் உண்டு. மேற்கு வங்கத்தில் 1998 முதல், மூடிக் கிடக்கும் ஆலைகள், தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு மாநில அரசே மாத உதவி கொடுத்துவருகிறது. 500 ரூபாயில் தொடங்கிப் பின்னர் 1,500 ஆனது. அந்தத் தொகையில் குடும்பம் நடக்காது. அரிசியும் பருப்பும் வரும். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்னால் நிற்கும் தமிழ்நாடு அதைவிட நன்றாகச் செய்ய முடியும். புதிய ஆலைக்கு மின்சாரத்திலும் நிலத்திலும் சலுகை கொடுத்து ஒப்பந்தம் போடும்போதே, அந்த ஆலை நாளை நொடித்தால் அதன் தொழிலாளர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு பத்தி எழுதிச் சேர்க்கலாம். வாங்குவதற்கான பலம் அரசின் கையில் இருப்பது அந்த நேரத்தில்தான்.

ஒன்பது மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இப்போது வேறு இடத்தில், பாதிச் சம்பளத்தில், இரவுக் காவல் வேலை. கம்பெனியைக் கேட்டு யாரும் வராமல் கலைப்புக்குப் போய்விட்டது. மின்னணு ஏல அறிவிப்பு செல்போனில் வந்திருந்தது. அதில் இயந்திரங்களின் பட்டியலை விரித்துக் காட்டினார். பதினான்காம் எண்ணில் ஒரு லேத் மெஷின். “இது நான் ஓட்டினது சார்” என்றார். தயாரித்த வருடத்தையும் அறிவிப்பில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். போட்டிருந்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நகைக்கடன் கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் வந்தது. வட்டி கட்டாததால் நகையை ஏலம் விடப்போகிறோம் என்ற அறிவிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தோம். லேத் ஏலம் 26-ஆம் தேதி. நகை ஏலம் 11-ஆம் தேதி.